மேய்ச்சல் தண்ணி

"அங்கிள், சாட்டிலைட்டுக்கு நிறம்தான் தெரியும், மீன் தெரியாது. இதுல எது நீங்க சொல்ற மேய்ச்சல் தண்ணி?"

சுபிதா கடல் படத்தை நீட்டினாள். மீனவர்கள் தெலுங்கிலும் பெங்காலியிலும் தமிழிலும் சொல்வதை அந்தப் படத்தோடு இணைத்து, மீன் எங்கே என்று அவரவர் மொழியில் போனுக்குச் செய்தி அனுப்புவது அவள் வேலை.

மீன் மேய்வது பச்சையில். அது தெரிந்தும் மீனவர் அடைக்கலசாமி நீலத்தைத் தொட்டுக் காட்டினார்.

அவருடைய வலையை அறுத்த ஷெல்டன், போனைப் பார்க்காமல் படகை எடுக்க மாட்டான். வெறும் படகோடு திரும்பட்டும்.

மறுவாரம் ஜங்லிகாட் படகுத்துறையில் சுபிதா சிரித்தபடி வந்தாள்.

"பக்கா ஆயிடுச்சு அங்கிள்! இன்னிக்கு எல்லா போட்டுக்கும் மெசேஜ் போயிடுச்சு. உங்க மகன்கூட அதைப் பார்த்துத்தான் நீலத்துப் பக்கம் போயிருக்கான்."

"நான் ஒருத்தன் சொன்னா போதுமா? வேற யாரையும் கேக்கலையா?"

"கேக்காம? ஒருத்தருக்கொருத்தர் பேசி வச்சுக்க முடியாத ரெண்டு பேர் ஒரே பதிலைச் சொன்னாத்தான் ஏத்துக்குவோம். உங்க முகத்திலேயே முழிக்காத ஆளாத் தேடிப் பிடிச்சேன். ஷெல்டன் அங்கிளும் நீலத்தைத்தான் தொட்டாரு!"

அவள் கடலைப் பார்த்தாள்.

"ஆனா பாருங்க, காலையில அவரு போட் மட்டும் பச்சைப் பக்கம் போச்சு."