ரெண்டு காதும்தான்

குட்டி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். அண்ணி ஓர் எட்டு பின்னால் நகர்ந்து காதைப் பொத்திக்கொண்டாள்.

குட்டி நின்றுவிட்டான். தூக்கிய கையை இறக்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அவன் அம்மாவுக்கு மனசு என்னவோ போலாயிற்று.

அண்ணி என்றால் அவள் கணவனின் அக்கா. பக்கத்து வீடு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து அவள் வரும்வரை குட்டி அண்ணியிடம்தான் இருப்பான். மூன்று வயதாகியும் அவனுக்குப் பேச்சு வரவில்லை. அம்மாவையும் அண்ணியையும் தவிர வேறு யார் தொட்டாலும், அப்பாவே ஆனாலும், கத்தி வீட்டை இரண்டாக்கிவிடுவான்.

போன மாதம் அண்ணியின் இடுப்பில் இருந்தவன், அவள் காதில் ஆடிய தொங்கட்டானைப் பிடித்து ஒரே இழுப்பு. காது மடல் இரண்டாகக் கிழிந்துவிட்டது.

அன்றிலிருந்து அண்ணி அவனைத் தூக்கவே இல்லை. சாப்பாடு ஊட்டினாலும் ஒரு கை தூரம் தள்ளி உட்கார்ந்துதான்.

இத்தனைக்குப் பிறகும் நகை ஆசை மட்டும் போகவில்லை. துணி காயப்போடப் போகும்போதுகூட தொங்கட்டான் ஜோடியை மாற்றிப் போட்டுக்கொள்கிறவள். தெருவே அவளைத் 'தொங்கட்டான் அக்கா' என்றுதான் கூப்பிடும். இப்போதும் நல்ல காதில் ஒற்றைத் தொங்கட்டான் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

'பேச்சு வராத பிள்ளை தெரியாமல் செய்துவிட்டான். அதற்கு இவ்வளவு வன்மமா?' என்று குட்டியின் அம்மா மனசுக்குள் பொருமிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அண்ணியே கேட்டாள்.

"நாளைக்கு லீவு போடேன். காது தைச்சுக்கப் போறேன். நீ கூட வா. குட்டி அழுதாலும் ஒரு நாள் அவன் அப்பா சமாளிக்கட்டும்."

இவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கோபம் என்றால் எதற்குக் கூப்பிட வேண்டும்? பார், உன் பிள்ளை செய்த வேலையை என்று காட்டவா?

மறுநாள் டாக்டரம்மா சின்ன டார்ச் அடித்துக் காதைப் பார்த்தார்.

"புண்ணு நல்லா ஆறிடுச்சு. மரத்துப்போக ஊசி போடுவேன். அதுதான் கொஞ்சம் வலிக்கும், அப்புறம் ஒண்ணும் தெரியாது. கிழிஞ்ச ரெண்டு ஓரத்தையும் லேசா சீவிட்டு, சேர்த்துத் தைக்கணும். அரை மணி நேர வேலை. தண்ணி படாம பார்த்துக்கிட்டா ஒரு வாரத்துல தையல் பிரிச்சிடலாம்."

"தழும்பு தெரியுமா?"

"மெல்லிசா ஒரு கோடு. போகப் போக மங்கிடும். மூணு மாசம் கழிச்சு, தழும்புக்குப் பக்கத்துல புதுசா துளை போட்டுக்கலாம். ஆனா கனமா எதையும் மாட்டாதீங்க."

"துளை வேண்டாம் டாக்டர்."

"இப்ப இல்லம்மா. மூணு மாசம்..."

"எப்பவுமே வேண்டாம். இந்தக் காதுல இருக்கற துளையையும் சேர்த்துத் தைச்சிடுங்க."

டாக்டரம்மா டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பினார். "இது நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. அடைச்சிடுங்க."

டாக்டரம்மா இவள் பக்கம் திரும்பினார். "என்னம்மா சொல்றாங்க இவங்க?"

"எனக்கும் ஒண்ணும் விளங்கலை டாக்டர்."

ஆனால் அடுத்த நிமிஷமே விளங்கிவிட்டது போல இருந்தது. மொட்டைக் காதோடு நடந்தால், தொங்கட்டான் எங்கே என்று தெருவே கேட்கும். கேட்கிற ஒவ்வொருவரிடமும் குட்டி பேரைச் சொல்லலாம். அதற்குத்தானா?

ஒரு மாதமாக அடக்கி வைத்தது பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணி, கோபம்னா என்னை நாலு வார்த்தை திட்டிடுங்க. இப்படி ரெண்டு காதுத் துளையையும் மூடிக்கிட்டு ஊருக்கே காட்டணுமா? ஒரு மாசமா அவனைத் தூக்கக்கூட இல்லை நீங்க. குழந்தைக்கு என்ன தெரியும்?"

அண்ணி அவளை விழித்துப் பார்த்தாள்.

"கோபமா? யார் மேல? பயம்டி எனக்கு. அவன் கை கிட்ட வந்தாலே என் கை தானா காதுக்குப் போயிடுது. அவனும் அதைப் புரிஞ்சுக்கிட்டான். ஓடி வர்றவன் பாதியிலேயே நின்னு கையை இறக்கிக்கிறான். நீ கவனிக்கலையா?"

இவள் கவனித்திருக்கவில்லை. அண்ணி நகர்ந்ததை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப தோடு போடாம இருந்தா போதாதா அண்ணி? எதுக்கு நல்ல காதைப் போய்..."

"என்னால முடியும்னு நினைக்கிறியா?" அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. "தினமும் கழட்டித்தான் வைக்கிறேன். கண்ணாடி முன்னாடி போய் நின்னா கை சும்மா இருக்க மாட்டேங்குது, மறுபடி மாட்டிடறேன். துளைன்னு ஒண்ணு இருக்கற வரைக்கும் இந்தப் பைத்தியம் என்னை விடாது."

சொல்லிக்கொண்டே தொங்கட்டானைக் கழற்றி இவள் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு ஊசியோடு நின்ற டாக்டரம்மாவிடம் இரண்டு காதையும் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"நீங்க போடுங்க டாக்டர். இந்த உலகத்துல அந்தப் பிள்ளை கை நீட்டுறது ரெண்டே பேர்கிட்ட. அதுல ஒருத்தி, ஒரு தோட்டுக்காக விலகி நிக்கலாமா?"