சலவைக்கூடத்தில் இங்கிலீஷ்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் உலர்த்தும் எந்திரங்கள் உருளுகிற இரைச்சலில் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்ணியும் நாத்தனாரும் ஆளுக்கு இரண்டு முனையாகச் சூடான படுக்கை விரிப்பைப் பிடித்து உதறுகிறார்கள். அண்ணியின் கண் கதவை விட்டு அகலவில்லை. எந்த நேரத்திலும் மேலே கூப்பிடலாம், இங்கிலீஷில் கேள்வி கேட்பார்கள். தேறிவிட்டால் ரிசப்ஷன் நாற்காலி, ஃபேன் காற்று, கொப்புளம் போடாத கை. “நாம தமிழ்ல படிச்ச வேற்றுமை உருபெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கா அண்ணி?” “தேய்ஞ்சு போச்சுடி. ‘ஹீ’ங்கிறது ‘ஹிம்’ ஆகும், நான் ‘மீ’ ஆயிடுவேன். ‘உடைய’ன்னு சொல்ல பேருக்குப் பின்னால ஒரு ‘எஸ்’ ஒட்டிக்கும். மத்ததெல்லாம் வார்த்தை நிக்கிற இடத்தை வச்சுத்தான்.” “அப்ப இருக்குங்கிறீங்களா, இல்லைங்கிறீங்களா?” “படிச்சவங்களே அடிச்சுக்கிறாங்க. நீ வேற உசிரை வாங்காத.” அண்ணி முன்னால் வந்து முனையைக் கொடுக்கிறாள், பின்னால் போகிறாள், அடுத்த விரிப்பை உருவுகிறாள். வேர்வைக் கழுத்தில் மயிர் ஒட்டிக் கிடக்கிறது. உதடு ஓயாமல் மீ, மீ என்கிறது. “ஆடு மாதிரி கத்தாதீங்க அண்ணி.” நாத்தனார் சிரிக்கிறாள். சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. ஓரத்தில் இன்னும் மூன்று வண்டி விரிப்பு குவிந்து கிடக்கிறது. தனி ஆளாக மடித்தால் தரையில் புரளும். கதவு திறக்கிறது. ஒரு கை அண்ணியை அழைக்கிறது. அண்ணி அவசரமாகத் தன் முனைகளை நீட்டுகிறாள். நாத்தனார் வாங்கவில்லை. தன் பக்கத்தை இறுக்கிப் பிடித்தபடி நிற்கிறாள். “இன்னும் ஒரு மடிப்பு இருக்கு அண்ணி,” என்கிறாள்.