முட்டி நிற்கும் வளையம்

"ஃபோனைக் கிட்டப் பிடி, ஸப்ரி. இப்பத் திருகு. அவசரப்படாதே, மெதுவா!"

கைபேசியிலிருந்து வந்த பெண் குரலுக்கு அந்த அறுபது வயது மனிதர் அப்படியே அடங்கினார். ஒரு பழைய ஜப்பான் லென்ஸைக் கைபேசியோடு ஒட்டிப் பிடித்து, அதில் தூரம் வைக்கும் வளையத்தைத் திருகினார்.

"சத்தமே இல்ல. வெண்ணெய் மாதிரி வழுக்குது. வேண்டாம். அடுத்தது."

கல்லாவுக்குப் பின்னால் நின்ற நுர்ஜான் பல்லைக் கடித்தாள். இஸ்தான்புல்லில், சிர்கெஜி ரயிலடிப் பக்கத்துக் கேமராச் சந்தில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எத்தனையோ கிறுக்குகளைப் பார்த்துவிட்டாள். லென்ஸைக் காதால் கேட்டு வாங்குகிறவர்களை இன்றுதான் பார்க்கிறாள்.

"மாமா, லென்ஸை டார்ச் அடிச்சுப் பாக்கணும். உள்ள பூஞ்சை படிஞ்சிருக்கா, எண்ணெய் கசிஞ்சிருக்கான்னு தெரியணும். இந்தாங்க, நீங்க கொண்டுவந்த டிஜிட்டல் கேமராவிலயே மாட்டித் தரேன். ஒரு படம் எடுத்துத் திரையில பாருங்க."

"படத்தை நான் பாத்து என்னம்மா ஆகப்போகுது? வாங்குறது அவங்க." ஸப்ரி தேநீரை நிதானமாக உறிஞ்சினார்.

நுர்ஜானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அம்மா தரை துடைக்கும் வீடுகளில் இந்த மாதிரிப் பெண்கள் உண்டு. சோபாவில் சாய்ந்தபடி ஃபோனிலேயே எல்லாவற்றையும் வாங்குவார்கள். பழைய லென்ஸ்கள் அங்கே கண்ணாடி அலமாரியில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கும். அம்மா தூசி தட்டுவாள். அந்தத் தூசியில்தான் நுர்ஜான் பட்டம் வாங்கினாள், வீட்டிலேயே முதல் ஆளாக.

அடுத்து ஒரு ஜெர்மன் லென்ஸ் ஃபோனருகே போயிற்று.

"கடைசி வரைக்கும் திருகு. முட்டி நிக்குதா?"

"நிக்குது, என் மகாராணி."

"ஆடுதா?"

"லேசா."

"வேண்டாம்."

நுர்ஜானால் பொறுக்க முடியவில்லை. ஃபோனைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "அக்கா, எதுக்கு இவ்வளவு கஷ்டம்? புது லென்ஸா வாங்கிக்குங்க. அதுவே தூரத்தைக் கணக்குப் பண்ணி அதுவே தெளிவாக்கிடும்."

"அது எனக்கு ஆகாது, பொண்ணே. அதோட வளையம் எங்கயும் முட்டாம சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், வேலவெட்டி இல்லாத புருஷன் மாதிரி."

"நான் இங்கதான் நிக்கிறேன்," என்றார் ஸப்ரி.

நுர்ஜான் சிரிக்கவில்லை. எரிச்சல் வந்தால் அவள் கை தானாக இழுப்பறைக்குப் போகும். அங்கே அவளுடைய கழுத்துத் துணியில் சுற்றிய ரஷ்ய லென்ஸ் ஒன்று இருந்தது. விளிம்பு நசுங்கியது, கண்ணாடியில் ஒரு கீறல். முதலாளியிடம் கெஞ்சி, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஒதுக்கி வைத்தது. நாளைக்கு அதைக் கேமராவில் மாட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போவதாக இருந்தாள். அதை எடுத்து வளையத்தைத் திருகினாள். டிக். டிக். டிக். கடைசியில் டொக்.

"அது என்ன?" ஃபோன் கத்தியது. "அதுதான்! ஸப்ரி, அது எனக்கு வேணும்!"

"இது விக்கிறதுக்கு இல்ல," என்றாள் நுர்ஜான் வெடுக்கென்று. "இது என்னோடது."

"வச்சு என்ன பண்ணப்போறே?"

"அலமாரியில வைக்க மாட்டேன். படம் எடுப்பேன்." சுவரில் ஒட்டியிருந்த பத்திரிகைப் பக்கத்தைக் காட்டினாள், ஃபோனுக்குத் தெரியாது என்பதையும் மறந்து. "இங்க சுவத்துல ஒரு படம் இருக்கு. மெலாஹத்னு ஒருத்தங்க எடுத்தது. படகுல ஒரு டீக்காரர். இதே மாதிரி ரஷ்ய லென்ஸ்னு கீழ போட்டிருக்கு. இவங்க படம் எதுலயும் யாரும் சும்மா நின்னு போஸ் கொடுக்கிறதில்ல. ஒவ்வொருத்தரும் பேசிக்கிட்டே இருப்பாங்க. அந்த நொடியை எப்படித்தான் பிடிக்கிறாங்களோ! மத்தவங்க மூஞ்சியை எடுப்பாங்க, இவங்க பேச்சையே எடுத்துடுறாங்க. ஒரு நாளாவது அப்படி எடுக்கணும் நான்."

ஸப்ரி சுவரருகே போய், படத்தைக் கிட்டத்தில் பார்த்தார்.

"அந்த டீக்காரன் என்ன பேசினான் தெரியுமா?" என்றது குரல். "'அக்கா, நகரு, சுடுதண்ணி'ன்னு என்னை விரட்டிக்கிட்டு இருந்தான். போன வாரம் அதே படகுலதான் என் லென்ஸ் கடல்ல விழுந்துச்சு."

நுர்ஜான் சுவரையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பெயரையும் இந்தக் குரலையும் சேர்த்துப் பார்க்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு கழுத்துத் துணியோடு லென்ஸை எடுத்து ஸப்ரியின் கையில் திணித்தாள்.

"கொண்டுபோங்க மாமா. இது அவங்க கிட்டத்தான் இருக்கணும்."

"அப்ப உனக்கு?"

"நான் வேற தேடிக்கிறேன்." ஃபோனிடம் குனிந்தாள். "ஆனா அக்கா, கண்ணாடியில ஒரு கீறல் இருக்கு. மறைச்சு விக்க மாட்டேன். இப்பவே ஒரு படம் எடுத்து ஃபோனுக்கு அனுப்புறேன், நீங்களே பாத்துட்டுச் சொல்லுங்க."

மறுமுனையில் மெலாஹத் வாய்விட்டுச் சிரித்தாள்.

"பாக்க எனக்கு ஏதும்மா கண்ணு? ஆளு பேசினாத்தான் எவ்வளவு தூரத்துல நிக்கிறான்னு எனக்குத் தெரியும், அதுக்கப்புறம்தான் நான் டிக்கை எண்ணி வளையத்தையே திருகுவேன்."