வாசலில் நின்றவள்

புங்கமரப் பொந்தில் ஒரு தேன்கூடு இருந்தது. அதன் வாசலில் ஒரு தேனீ நாள் முழுக்க நின்று சிறகடித்துக்கொண்டிருப்பாள். உள்ளே தேனடை கட்டுகிறவர்களுக்கு அது தூரத்து மழைபோலக் கேட்கும்.

தேன் சுமந்து வந்த இளைய தேனீக்கு எரிச்சல். "நாங்க நூறு பூவுக்குப் பறக்கிறோம். நீ நின்ன இடத்துலயே விசிறிக்கிட்டு நிக்கிறே. ஒரு சொட்டாவது கொண்டு வந்தியா அக்கா?"

அக்கா சிறகை மடக்கிக்கொண்டாள். பிறகு பூ தேடிப் பறந்துவிட்டாள்.

உச்சிவெயிலில் இளையவள் அடுத்த சுமையோடு திரும்பினாள். மழைச் சத்தம் இல்லை. பொந்துக்குள் காற்று பாகாய் இறுகிக் கிடந்தது. அடை கட்டுகிறவர்கள் கட்டியபடியே கண்ணசந்திருந்தார்கள். மெழுகு இளகி, மாதக்கணக்கில் சேர்த்த தேன் பொன்னிழையாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

சுமையைக்கூட இறக்காமல் அவள் வாசலுக்கு ஓடினாள். சிறகு நோக நோக அடித்தாள். வெகுநேரம் கழித்து, உள்ளே யாரோ சோம்பல் முறித்து எழுந்தார்கள். இழை மெல்ல நின்றது.

அப்போது வெளியிலிருந்து வேறொருத்தி தேனோடு வந்து இறங்கினாள். "என்னடி, சும்மா நின்னே பொழுதை ஓட்டுறியா?"

இளையவள் சிறகை மடக்கவில்லை.