றூபனின் கணக்கில் ஒரு சேவ்

றூபன் சூட்கேசோடு அறைக்குள் நுழைந்தபோது, பத்மநாதன் போர்வைக்குள் கைவிட்டு மனைவி சுசிலாவின் கையைப் பிடித்தபடி இருந்தார்.

"சத்தம் போடாதை. கொக்கா நித்திரை."

ரொறன்ரோவிலிருந்து ஹீத்ரோ, ஹீத்ரோவிலிருந்து நேரே, கடைசி நாள் நோயாளரைப் பார்க்கிற இந்த ஹொஸ்பிஸ். விமானத்தில் கொடுத்த கழுத்துத் தலையணையைக் கழற்றக்கூட மறந்திருந்தான். தலை நரைத்த மனிதன், அக்காவைக் கண்டதும் ஐந்து வயதுப் பிள்ளை மாதிரி வாயைக் கோணிக்கொண்டு நின்றான்.

"பிந்திட்டன் எண்டு நினைச்சன் அத்தான்."

"இரு. முதல்லை அந்தத் தலையணையைக் கழட்டு. மாடு நுகத்தோடை வந்தமாதிரி நிக்கிறாய்."

அம்மா போனபோது அவன் ஜேர்மனியில், விசா இல்லாமல் அகதி முகாமில். அப்பா போனபோது போரால் வன்னிக்குப் பாதை இல்லை. இரண்டு சாவையும் ரெலிபோனில்தான் கேட்டான். மூன்றாவதையும் அப்படிக் கேட்டால் தான் மனிசனாய் இருக்கமாட்டேன் என்று போன கிழமை பத்மநாதனிடம் அழுதிருந்தான்.

இப்போது கதிரை நுனியில் இருந்து அக்காவின் நெஞ்சையே உற்றுப் பார்த்தான்.

"மூச்சு வாறமாதிரித் தெரியேல்லையே."

"கடைசியிலை அப்பிடித்தான். பிந்திப் பிந்தித்தான் வரும். நீ முழுசிப் பாத்தா இன்னும் பிந்தும். எதையாவது கதை."

என்னத்தைக் கதைப்பது? பத்மநாதனே எடுத்துக் கொடுத்தார்.

"உங்கட கடைசி எறிகாரன் இன்னொரு சேவ் எடுத்திட்டானாம். சுத்தப் புழுகு."

இருபது வருசச் சண்டை அது. கனடா போன றூபனுக்குப் பேஸ்போல் பைத்தியம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்து அத்தானுக்கும் அதைத் தொற்றவைத்தான். தொற்றிய நாளிலிருந்தே பத்மநாதன் சேவ் என்ற கணக்குக்கு எதிரி. ஆட்டம் முழுக்க ஒருத்தன் தோள் கழல எறிவானாம். வெல்லப்போகிற ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் இன்னொருத்தன் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து மூன்று பேரை அவுட்டாக்குவானாம். ஆட்டத்தைக் காப்பாற்றியவன் என்று அவன் பெயருக்கு ஒரு சேவ் விழுமாம்.

"மூண்டு ஓட்டம் முன்னுக்கு நிண்டா கொக்காவே எறிஞ்சு வெண்டிடுவாள்."

"கடைசி மூண்டு பேர்தான் அத்தான் கஷ்டம். அந்த இடத்திலை எவனுக்கும் கை நடுங்கும்."

லண்டனுக்கே பேஸ்போல் வந்தபோது மூன்று பேருமாய் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போனார்கள். அன்று அடிபட்ட பந்தொன்று மைதானத்தைத் தாண்டி, 25ஆம் நம்பர் பஸ்ஸின் மாடி யன்னலால் புகுந்து, காலியான சீட்டில் இருந்து, மேனர் பார்க்கில் மணியடித்து இறங்கிப் போனதைப் பத்மநாதன் கண்ணால் கண்டவர். வேறு யாரும் காணவில்லை.

சேவ் வழக்குக்கு அன்றைக்குத் தீர்ப்புச் சொன்னவள் சுசிலா. மட்டன் ரோல்ஸ் பெட்டியைத் திறந்தபடியே சொன்னாள்.

"கடைசியிலை வந்து நிக்கவும் ஒரு நெஞ்சு வேணும். அவனுக்கும் ஒண்டைப் போட்டுவிடுங்கோவன். முன்னுக்கு எறிஞ்சவனுக்குத் தெரியுந்தானே, தான் எறிஞ்சது."

பத்மநாதன் அப்பீல் செய்யவில்லை. ரோல்ஸ் சூடாக இருந்தது.

பஸ்ஸில் ஏறிய பந்தை நினைவுபடுத்தியதும் றூபன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொஞ்சம் சிரித்தான். அதைப் பார்த்துக்கொண்டே பத்மநாதன் சொன்னார்.

"மேசையிலை பால் கிடக்கு. ஒரு கரண்டி விடு."

றூபனின் முகம் மாறியது. போகிற உயிருக்கு வாயில் விடுகிற பால். யாருடைய கையால் அது போனது என்பதைத்தான் எட்டுச்செலவு, அந்தியேட்டிச் சடங்குகளுக்கு வருகிற சனம் சாப்பிட்டுக்கொண்டே கதைக்கும்.

"நீங்கள் விடுங்கோ அத்தான். இவ்வளவு காலமும் பாத்தது நீங்கள்தானே."

"எனக்கு ஏலாது. கை நடுங்குது."

நடுங்கியது றூபனின் கை. கரண்டியில் பாதிதான் உதட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலும் கொஞ்சம் கடைவாயால் வழிய, சேர்ட்டின் கைநுனியால் துடைத்தான்.

"அக்கா, நான் றூபன். வந்திட்டன்."

காத்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே ஒரு சாமான் வான் பின்னுக்குப் போகிற சத்தம் கேட்டு நின்றது.

"அத்தான்?"

பத்மநாதன் குனிந்து, சுசிலாவின் மூக்கருகே கன்னத்தை வைத்து, நெடுநேரம் அப்படியே இருந்தார்.

"இப்பத்தான்," என்றார். "உன்ர பாலோடை போயிட்டா."

றூபன் அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். பிந்திவந்தவன் அழுவதைப் பத்மநாதன் இரண்டுமுறை ரெலிபோனில் கேட்டிருக்கிறார். இது வேறு அழுகை.

பிறகு முகத்தைத் துடைத்து, ஊரெல்லாம் சொல்ல வெளியே போனான். கொறிடோரிலிருந்து அவன் குரல் கேட்டது.

"ஓம், என்ர கையாலைதான். எனக்காகவே பாத்துக்கொண்டு இருந்திருக்கிறா... அத்தானோ? அவர் பாவம், பக்கத்திலை இருந்தும் பால் விட அவருக்குத் தைரியம் வரேல்லை."

மற்றக் கதவு மெல்லத் திறந்தது. தமிழ் நர்ஸ் பியற்றிஸ். அன்று காலையில் சுசிலாவின் கண்களை மூடிவிட்டவள் அவள்தான். கையில் புதிதாய் நிரப்பிய சுடுதண்ணிப் பை.

"கைக்குள்ளை வைச்சது ஆறியிருக்கும் ஐயா. மாத்தி விடவோ?"

"வேண்டாம் பிள்ளை," என்றார் பத்மநாதன். "அவன் வந்திட்டான்."