மேல் வீட்டு ஏசி

“செடிக்குத் தாகம் எடுத்தா அது யார்கிட்ட போய்ச் சொல்லும்?”

வீட்டில் எல்லோரும் வாண்டு என்று கூப்பிடும் மகள் ஒருமுறை இப்படிக் கேட்டாள். “அதுக்கு வாய் இருக்கே, அதுவே சொல்லும்” என்று சிரித்துவிட்டு அப்பா கடைக்குக் கிளம்பிவிட்டார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

நிஜமாகவே அந்தச் செடிக்கு வாய் இருந்தது. இப்போதும் வாண்டு பால்கனியில் குப்புறப் படுத்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு இதழ்களாகப் பிளந்த இலைக்குள் ஓர் ஈ நுழைந்து வேவு பார்த்தது.

“உள்ளே இருக்கிற முடியை ஒரு தடவை தொட்டாச்சு. இன்னொரு தடவை தொட்டா அவ்வளவுதான்” என்று கிசுகிசுத்தாள். கண் இமைப்பதற்குள் இலை மூடிக்கொண்டது.

“பாவம்டி அந்த ஈ” என்றாள் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா.

“செடியும் பாவம்தானேம்மா? கடைக்குப் போய்ச் சாப்பிட அதுக்குக் காலா இருக்கு?”

டொக். மேலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டியின் அடித்தட்டில் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா செய்தித்தாளை வீசி எறிந்தார்.

“பாரு, இந்தக் குளிர்லயும் மேல் வீட்டு ஏசி ஓடுது! பணம் கொழுத்துப்போச்சா, இல்ல நம்மமேல ஏதாவது கோபமா?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சில நாட்களாக வானம் மூடியே கிடந்தது. மழைதான் வரவில்லையே தவிர, ஈரக் காற்றுக்குப் பயந்து தெருவில் எல்லோரும் போர்த்திக்கொண்டு நடந்தார்கள்.

அப்பாவின் கவலை செடியைப் பற்றியது. முதலில் வாங்கிய குடுவைச் செடியும், அதன் பிறகு வந்த ஈ பிடிக்கும் செடியும் கருகிப்போக, வாண்டு சாப்பிடாமல் அழுதிருந்தாள். குழாய்த் தண்ணீர்தான் எமன் என்று செடி விற்றவர் சொன்னார். அதனால் இந்தச் செடிக்கு அப்பா அதே தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி ஊற்றினார். பெற்ற பிள்ளைக்குக்கூட இவர் இப்படி ஒரு நாளும் செய்ததில்லை என்பது அம்மாவின் கட்சி.

அப்படியும் இது கோடையில் கறுக்கத் தொடங்கியது. “இங்கதான்ப்பா நல்லா வெயில் படுது” என்று வாண்டு தொட்டியை இந்த மூலைக்கு நகர்த்தினாள். பிறகு செடி தேறி, புதுப் புது வாய்களாகத் திறந்தது. காய்ச்சிய தண்ணீரின் மகிமையை அப்பா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

“இந்த அழுக்குத் தண்ணி பட்டு இதுவும் அழுகட்டும்னு பார்த்துட்டு இருக்கச் சொல்றியா? நான் மேல போய்க் கேட்கத்தான் போறேன்!”

“வேணாங்க. அவங்களுக்கு என்ன கஷ்டமோ, கடவுளுக்குத்தான் தெரியும்.”

“உனக்கு ஊர்ல எல்லாருமே நல்லவங்கதான்!”

மேல் வீட்டுக் கதவைத் திறந்தவர் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். உடம்பில் ஸ்வெட்டர், கழுத்தில் மப்ளர், காலில் சாக்ஸ். சோபாவில் அவர் மனைவி கம்பளிக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற அப்பாவுக்கே உடம்பு சிலிர்த்தது.

“சார், உங்க ஏசித் தண்ணி ராப்பகலா எங்க பால்கனியில சொட்டுது. கொஞ்சம் நிறுத்தக்கூடாதா?”

“அது வந்து... ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கு உடம்பு ஒரே சூடு சார். ஏசி இல்லாம... அச்! உட்காரவே முடியலை.”

“அவ்வளவு சூடுன்னா மப்ளர் எதுக்கு?”

“அது அழகுக்கு.”

“உள்ளே வாங்களேன், சுடச்சுட டீ குடிக்கலாம்” என்றது கம்பளி.

அப்பாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “கேலியா பண்றீங்க? ஒரு குழந்தை ஆசையா வளர்க்கிற செடி சார் அது. அது செத்துச்சுன்னா அந்தப் பாவம் உங்களைச் சும்மா விடாது!”

“வாஸ்தவம் சார். விடாது” என்றார் மெக்கானிக், தலையைக் குனிந்துகொண்டு.

அப்பா படிகள் அதிர இறங்கிப் போனார். மெக்கானிக் கதவைச் சாத்தினார்.

“நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டீங்களா?” என்றார் மனைவி. “எனக்குப் பல்லெல்லாம் தந்தியடிக்குது. இனிமேலாவது நிறுத்தட்டுமா?”

“ஒரு மழை வர்ற வரைக்கும் பொறுத்துக்கோ. இந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான் அந்தச் செடி உயிரோட இருக்கு. வாண்டு அவ சிநேகிதிகிட்ட ரகசியமா சொன்னது என் காதுல விழுந்துச்சு. குழாய்ல வர்ற உப்புத் தண்ணியைக் காய்ச்சினா உப்பு போயிடுமா என்ன? நாம நிறுத்தினா இதுவும் கருகிடும்.”

“அதை அந்த மனுஷன்கிட்டச் சொல்லித் தொலைச்சா என்னவாம்? வாய்க்கு வந்தபடி பேசிட்டுப் போறாரு!”

மெக்கானிக் ஒரு தும்மலைப் போட்டுவிட்டு, மனைவியின் காலடியில் நழுவிக் கிடந்த கம்பளியை இழுத்து அவர் தோளில் போர்த்தினார்.

“என் ஆபரேஷனுக்கு ரத்தம் குடுத்த அவர் சம்சாரம், அதைப் புருஷன்கிட்டகூடச் சொல்லலை. தண்ணி குடுக்கிற நாம சொல்லிக்கலாமா?”