மச்சான் குதித்த குதி

மரக்கங்காரு எப்போதும் வாலைக் கீழே விட்டுப் பின்பக்கமாகத்தான் மரத்தைவிட்டு இறங்கும். அன்று குடும்பத்தோடு விருந்துக்கு வந்த தரைக்கங்காரு, மனைவி பிள்ளைகளுக்கு முந்தி வந்து மரத்தடியில் நின்றது.

“என்ன மச்சான், வந்தவங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டா இறங்குவீங்க?”

மரக்கங்காருவுக்குச் சுருக்கென்றது. சொந்தக்காரர்கள் முன்னால் மானம் போகலாமா? திரும்பித் தலைகீழாக இறங்கியது. நாலாவது எட்டில் பிடி வழுக்கி, அறுபதடி உயரத்திலிருந்து தொப்பென்று விழுந்தது. நல்லவேளை, காலூன்றி விழுந்ததால் அடியில்லை.

“ஐயய்யோ, விழுந்துட்டீங்களே!”

“விழறதாவது? குதிச்சேன்யா. அவசரம்னா நாங்க இப்படித்தான்.”

“அடேயப்பா! உங்க தங்கச்சி பாக்கலையே. ஏய், பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஓடியா! மச்சான் மறுபடியும் குதிக்கப் போறாரு!”

மரக்கங்காரு அண்ணாந்து அந்த உயரத்தைப் பார்த்தது. பிறகு, எவ்வளவு மெதுவாக ஏற முடியுமோ அவ்வளவு மெதுவாக ஏறியது.